சமகால நாவல்களைப் படித்து உயர்நிலை ஆங்கிலத்துக்குப் போக முடியுமா?

கேள்வி இதுதான்: பள்ளி முழுக்கத் தமிழ் வழி, பி.ஏ. முடித்து எம்.ஏ. ஆங்கிலம் சேர்ந்தாயிற்று, இலக்கணப் பிழை பெரிதாக இல்லை, ஆனாலும் எழுதுவது பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரியே இருக்கிறது. சமகால நாவல்களைப் படித்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாமா, எதை, எப்படிப் படிப்பது?

போகலாம். கல்லூரியில் பல வருடங்களாக ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் இதைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் நாவல் பாதி வேலையைத்தான் செய்யும், மறு பாதி நீங்கள் படித்த நாவலைப் பற்றி நீங்களே எழுதும்போதுதான் நடக்கும். இந்த இரண்டாவது பாதியை யாரும் சொல்வதில்லை, அதனால்தான் நிறையப் படித்தவர்கள்கூட எழுத உட்கார்ந்தால் திணறுகிறார்கள்.

முதலில் ‘உயர்நிலை’ என்றால் என்ன என்று தெளிவாகிவிடுவோம். ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் சி1 என்று ஒரு படி இருக்கிறது. நீளமான, சிக்கலான எழுத்தை, இலக்கியம் உட்பட, புரிந்துகொள்வதோடு அதன் நடையில் உள்ள வேறுபாடுகளையும் உணர முடிய வேண்டும் என்பது அந்தப் படிக்கு வாசிப்பில் சொல்லப்படும் அடையாளம். அந்த ‘நடை வேறுபாடு’ என்பதுதான் உங்களிடம் குறைகிறது. நம் பாடப்புத்தகங்கள் எல்லாம் ஒரே குரலில் பேசுபவை. பன்னிரண்டு வருடம் ஒரே குரலைக் கேட்டவருக்கு அந்த ஒரு குரல்தான் வரும். நல்ல நாவலில் வீட்டு வேலைக்காரர் ஒரு மாதிரி பேசுவார், வக்கீல் வேறு மாதிரி, கோபத்தில் இருக்கும் பதினைந்து வயதுப் பையன் இன்னொரு மாதிரி. எந்த இடத்தில் எந்தச் சொல் உறுத்தும், எது மரியாதை, எது மரியாதை போலத் தெரியும் குத்தல் என்பதெல்லாம் அங்கேதான் பிடிபடும்.

ஏன் சமகால நாவல், பாடத்திட்டத்தில் இருக்கும் டிக்கன்ஸும் ஹார்டியும் போதாதா என்றால், இலக்கியமாக அவை போதும், மொழிக்கு முன்மாதிரியாக ஆகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வாக்கியத்தை இன்றைய மின்னஞ்சலில் இறக்கினால் படிக்கிறவருக்கு விநோதமாக இருக்கும். ஏற்கெனவே நம் அலுவலகக் கடிதங்களில் ‘டூ த நீட்ஃபுல்’ மாதிரிப் பழைய சரக்கு தாராளமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு மனிதர்கள் டாக்டரிடம் எப்படிப் பேசுகிறார்கள், எப்படிச் சண்டை போட்டு எப்படி மன்னிப்புக் கேட்கிறார்கள் என்பது கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் வந்த நாவல்களில்தான் இருக்கிறது. தினசரிப் பேச்சில் கொட்டிக் கிடக்கும் ஃப்ரேசல் வெர்ப்கள், அதாவது வினைச்சொல்லோடு சின்னச் சொல் சேர்ந்து புதுப் பொருள் தரும் ‘புட் அப் வித்’, ‘மேக் அவுட்’, ‘கெட் ஓவர்’ வகையறா, நமக்கு மிகவும் பலவீனமான இடம். அவை ஆய்வு நூல்களைவிடக் கதைகளில்தான் அதிகம் புழங்குகின்றன.

சரி, இப்போது எண்களுக்கு வருவோம், ஏனென்றால் பலர் மூன்றாவது பக்கத்திலேயே நாவலை மூடிவைப்பதற்குக் காரணம் சோம்பல் என்று நினைத்துத் தங்களைத் தாங்களே திட்டிக்கொள்கிறார்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன், சொல்வளம் பற்றிய ஆராய்ச்சியில் முக்கியமான பெயர். அகராதி இல்லாமல் நாவலைத் தடையின்றிப் படிக்க அதில் வரும் சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும், அதற்குச் சுமார் 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்று 2006-இல் அவர் காட்டினார். சொற்குடும்பம் என்றால் ஒரு வேர்ச்சொல்லும் அதன் கிளைகளும் சேர்ந்தது. 98 சதவீதம் என்றால் ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாது. 300 சொல் உள்ள பக்கத்தில் தெரியாத சொல் ஆறு. அதுவே 95 சதவீதமாக இறங்கினால் பக்கத்துக்குப் பதினைந்து, வரிக்கு வரி முட்டும், கதை கையை விட்டுப் போய்விடும்.

அதனால் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பரிசு, புகழ் எதையும் பார்க்காமல் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து தெரியாத சொற்களை எண்ணுங்கள். ஆறேழு என்றால் எடுத்துக்கொள்ளலாம். பத்தைத் தாண்டினால் வைத்துவிட்டு வேறு எடுங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடியும் வரலாம். முதல் பக்கத்தில் எண்ணாதீர்கள், எழுத்தாளர்கள் அங்கே கொஞ்சம் கூடுதலாக அலங்காரம் செய்திருப்பார்கள்.

எதிலிருந்து தொடங்குவது? மார்க் ஹேடனின் ‘த க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் த டாக் இன் த நைட் டைம்’ 2003-இல் வந்தது. கதை சொல்லும் பையனுக்கு வயது பதினைந்து, உருவகம் பிடிக்காது, நேராகப் பேசுவான். வாக்கியங்கள் எளிமையானவை, பெரியவர்கள் பேசும் உரையாடலில் மட்டும் அசல் இங்கிலாந்துப் பேச்சு அப்படியே இருக்கும். இதை முடித்தால் ஒரு முழு ஆங்கில நாவலை முடித்துவிட்டோம் என்ற தெம்பு கிடைக்கும், அந்தத் தெம்பு சாதாரண விஷயம் இல்லை. அடுத்து அயர்லாந்து எழுத்தாளர் கிளேர் கீகனின் ‘ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்’ (2021). நூறு பக்கத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். 1985 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு நிலக்கரி வியாபாரி கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு மடத்தில் பார்த்துவிட்ட ஒன்று அவரை என்ன செய்கிறது என்பதுதான் கதை. ஒரு சொல்கூட உபரி கிடையாது. சின்ன வாக்கியத்தில் எவ்வளவு ஏற்றலாம் என்று பார்க்க இதைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியவில்லை.

ஆங்கிலத்தில் கதையோடு ஒட்டவே முடியவில்லை என்பவர்களுக்கு இன்னொரு வழி. தமிழில் ஏற்கெனவே படித்த நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படியுங்கள். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்ப்பில் ‘ஒன் பார்ட் வுமன்’ என்று கிடைக்கிறது. காட்சி, ஊர், உறவு எல்லாம் தெரிந்ததால் மூளை முழுவதும் மொழியைக் கவனிக்கும். தமிழ்ப் பக்கத்தையும் ஆங்கிலப் பக்கத்தையும் அருகருகே வைத்து ஒரு அத்தியாயம் பாருங்கள், எங்கே மொழிபெயர்ப்பாளர் வாக்கியத்தை உடைத்தார், எங்கே சேர்த்தார் என்பதே ஒரு செமஸ்டர் பாடம்.

கொஞ்சம் கை பழகியதும் நான் எல்லோருக்கும் சொல்வது கசுவோ இஷிகுரோ, 2017-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். கடினச் சொல்லே கிடையாது, ஆனால் நடை மிக நுட்பமானது. ‘நெவர் லெட் மீ கோ’ (2005) நாவலின் தொடக்கத்தில் கதை சொல்லும் கேத்தி தன் பெயரையும் வயதையும் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டு, தான் ஒரு ‘கேரர்’, அதாவது பராமரிப்பவள், என்கிறாள்: ‘ஐவ் பீன் எ கேரர் நவ் ஃபார் ஓவர் இலெவன் இயர்ஸ்’. நாம் தமிழில் ‘பதினோரு வருஷமா இருக்கேன்’ என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதனால்தான் நம் ஊரில் படித்தவர்கள்கூட ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்கிறார்கள். இலக்கண வகுப்பில் பிரசன்ட் பெர்ஃபெக்டுக்கு அட்டவணை போட்டுக் கற்றும் போகாத பழக்கம், இந்த மாதிரி வாக்கியம் நூறு தடவை கண்ணில் பட்டால் தானாகக் கழன்றுவிடும். அடுத்த வாக்கியத்தையும் பாருங்கள். ‘தட் சவுண்ட்ஸ் லாங் இனஃப், ஐ நோ, பட் ஆக்சுவலி...’ என்று போகிறது. நடுவில் செருகிய அந்த ‘ஐ நோ’ எதிரில் உட்கார்ந்திருப்பவர் மனதில் எழும் கேள்வியை முன்கூட்டியே பிடித்து, தோளில் தட்டி, நகர்கிறது. அதே வாக்கியத்தில் இன்னும் எட்டு மாதம் தொடரச் சொல்கிறார்கள் என்று வரும்போது யார் சொல்கிறார்கள் என்பதே இல்லை, வெறும் ‘தே’. யாரென்று சொல்லாமல் விட்டதில்தான் அந்த நாவலின் பயமே ஆரம்பிக்கிறது. இரண்டு வாக்கியம், அகராதி பார்க்க வேண்டிய சொல் ஒன்றுகூட இல்லை, ஆனால் உயர்நிலை ஆங்கிலம் என்று நாம் தேடுவது இதுதான்.

இதை முடித்த கையோடு அவருடைய ‘த ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே’யை (1989, புக்கர் பரிசு) எடுங்கள். ஒரே எழுத்தாளர், ஆனால் இங்கே பேசுபவர் ஒரு பிரபு வீட்டு பட்லர். விறைப்பான, அளந்து பேசும் ஆங்கிலம். பல இடங்களில் தன்னைப் பற்றிப் பேசும்போதே ‘ஐ’ போய் ‘ஒன்’ வந்துவிடும், தன் உணர்ச்சியை யாரோ ஒருவருடையது போலத் தள்ளி வைப்பார். கேத்தியின் குரலையும் இந்தக் குரலையும் அடுத்தடுத்துப் படித்தவருக்கு நடை என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரே எழுத்தாளரை இரண்டு மூன்று புத்தகம் தொடர்ந்து படிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சொல் மனதில் தங்குவதற்கு அது திரும்பத் திரும்ப வர வேண்டும். இதை 2010-இல் பெலிசர் சான்செஸ், ஷ்மிட் என்ற இரு ஆய்வாளர்கள் அழகாகச் சோதித்தார்கள். ஆங்கிலத்தில் தேர்ந்த ஸ்பானிஷ் மாணவர்களிடம் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ நாவலைக் கொடுத்தார்கள். அதில் வரும் இக்போ மொழிச் சொற்கள் அவர்களில் யாருக்கும் முன்பே தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அதனால் படித்ததிலிருந்து எது ஒட்டியது என்று சுத்தமாக அளக்கலாம். பத்துத் தடவைக்கு மேல் வந்த சொற்களில் 84 சதவீதத்தின் பொருளை அவர்களால் அடையாளம் காண முடிந்தது. விடைகளைக் காட்டாமல் தானாகச் சொல்லச் சொன்னபோது 55 சதவீதம். யாரும் மனப்பாடம் செய்யவில்லை, கதையைத்தான் படித்தார்கள். எந்த நாவலிலும் முதல் முப்பது பக்கம் கல்லும் முள்ளுமாக இருந்து, அப்புறம் வண்டி ஓட ஆரம்பிப்பதற்கும் இதுதான் காரணம், அந்த எழுத்தாளரின் சொற்கள் உங்களுக்குப் பழகிவிடுகின்றன. இருபது பேரின் இருபது நாவலைத் தொட்டுத் தொட்டு விடுபவர் அந்த முப்பது பக்கத்தை மட்டுமே இருபது தடவை கடக்கிறார்.

அகராதி விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். கதை ஓடும்போது எடுக்காதீர்கள். ஒரே சொல் மூன்றாவது தடவை வந்து வழியை மறித்தால் மட்டும் பென்சிலால் கோடு போடுங்கள், அத்தியாயம் முடிந்ததும் பாருங்கள். ஆங்கிலம் தமிழ் அகராதி செடி, மீன், பாத்திரம் மாதிரிப் பொருள்களுக்குப் போதும், மற்றதற்கெல்லாம் ஆக்ஸ்ஃபோர்டு அல்லது கேம்பிரிட்ஜ் கற்போர் அகராதியைப் பாருங்கள், இரண்டும் இணையத்தில் இலவசம். நோட்டில் சொல்லையும் அர்த்தத்தையும் எழுதுகிற பழக்கத்தை விட்டுவிட்டு நாவலில் வந்த முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். ‘ஹெவி’ தெரியும், ‘ரெயின்’ தெரியும், ஆனால் மழைக்கு ‘ஹெவி’, காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’ என்ற ஜோடி தெரியாததுதான் நம் எழுத்தை அந்நியமாக்குகிறது. ஜோடி வாக்கியத்தோடுதான் வரும்.

இன்னொரு இடத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும், தமிழில் யோசிப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். தமிழில் ஒருவர் நினைத்ததைச் சொன்னால் பெரும்பாலும் ‘என்று நினைத்தான்’ என்று வாலில் ஒரு அடையாளம் இருக்கும். இன்றைய ஆங்கில நாவலில் அது பல இடங்களில் இருக்காது. ‘ஹீ லுக்ட் அட் த டோர். வாட் வுட் ஷீ சே நவ்? ஷீ ஹேட் நெவர் லைக்ட் ஹிம்.’ இதில் மூன்றாவது வாக்கியம் எழுத்தாளர் தரும் தகவல் இல்லை, அந்த ஆளின் நினைப்பு, தப்பாகக்கூட இருக்கலாம். ‘அவளுக்கு அவனைப் பிடிக்காது’ என்று மாணவர்கள் தேர்வில் உண்மைத் தகவலாக எழுதிவிடுகிறார்கள், கதையே தலைகீழாகிவிடும். கேள்விக்குறி, ‘வுட்’, ‘நவ்’, ‘சர்ட்டன்லி’ போன்ற சொற்கள்தான் துப்பு. கீகனின் நாவலை இரண்டாவது தடவை படிக்கும்போது, எந்த வாக்கியம் கதாபாத்திரத்தின் மனம், எந்த வாக்கியம் கதைசொல்லி என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள். இரண்டு மூன்று அத்தியாயத்தில் கண் பழகிவிடும்.

இப்போது நாவல் தராத விஷயத்துக்கு வருகிறேன். அவெரில் காக்ஸ்ஹெட் என்ற மொழி ஆய்வாளர் 2000-இல் 570 சொற்குடும்பங்கள் கொண்ட ஒரு கல்விசார் சொற்பட்டியலைத் தொகுத்தார். பல்கலைக்கழகப் பாடநூல்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் வரும் சொற்களில் ஏறக்குறைய 10 சதவீதம் அந்தப் பட்டியலைச் சேர்ந்தவை. அதே பட்டியல் கதைகளில் வெறும் 1.4 சதவீதம். அதாவது நீங்கள் ஐம்பது நாவல் படித்தாலும் உங்கள் ஆய்வேட்டுக்கு வேண்டிய சொற்கள் போதிய அளவு கண்ணில் படப் போவதில்லை. நிறைய நாவல் படித்த பிள்ளைகள் கட்டுரை எழுதும்போது கதை சொல்லிக்கொண்டே போவது இதனால்தான்.

இதற்கு மருந்து நாவலை விடுவது அல்ல, நாவலைப் பற்றி எழுதுவது. ஒவ்வொரு இருபது முப்பது பக்கத்துக்கும் ஒரு பக்கம். கதைச்சுருக்கம் வேண்டாம், ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இந்த இடத்தில் கேத்தி எதை மறைக்கிறாள், எந்தச் சொல்லில் அது தெரிகிறது? இதற்குப் பதில் எழுதத் தொடங்கினாலே ‘சஜஸ்ட்ஸ்’, ‘இம்ப்ளைஸ்’, ‘அஸ்யூம்ஸ்’, ‘இன் கான்ட்ராஸ்ட்’ எல்லாம் தேவைப்பட்டுவிடும், அவை இல்லாமல் அந்த எண்ணத்தைச் சொல்லவே முடியாது. கூடவே அந்த நாவலைப் பற்றி நல்ல விமர்சனக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதை எழுதியவர் எப்படி மேற்கோளை வாக்கியத்துக்குள் நுழைக்கிறார் என்று பாருங்கள். ஒரே வாரத்தில் கதையின் ஆங்கிலமும் கல்வியின் ஆங்கிலமும் ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. பல்கலைக்கழகத்தில் இருப்பதன் பெரிய லாபமே இதுதான், அந்த ஒரு பக்கத்தைப் படித்துத் திருத்த ஒரு ஆசிரியரோ சீனியரோ பக்கத்தில் இருக்கிறார். கேளுங்கள். தானாக எழுதிக்கொண்டு வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்பும் ஆசிரியர்கள் குறைவு.

காதையும் மறக்க வேண்டாம். கண்ணால் மட்டும் கற்றவர்கள் ‘சட்டில்’ (subtle) என்ற சொல்லை ‘சப்டில்’ என்றே பல வருடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். படித்து முடித்த அத்தியாயத்தின் ஒலிப்புத்தகம் கிடைத்தால் பஸ்ஸில் போகும்போது கேளுங்கள். விடுதியில் மூன்று நான்கு பேர் ஒரே நாவலை எடுத்து வாரம் ஒரு நாள் ஆங்கிலத்திலேயே அதைப் பற்றி வாதம் செய்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் பேசுவதற்கு விஷயம் இருக்கும்போது கூச்சம் பாதியாகக் குறைந்துவிடும்.

சுருக்கங்களையும் கைடுகளையும் பற்றி ஒரே ஒரு வார்த்தை. தேர்வுக்கு முந்தைய இரவு அவை உதவலாம், மொழிக்கு ஒன்றும் செய்யாது. இப்போது ஏஐ செயலியிடம் கேட்டால் அத்தியாயம் அத்தியாயமாகச் சுருக்கித் தருகிறது. கதையில் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும், கேத்தியின் அந்த ‘ஐ நோ’ அதில் வரவே வராது. அதே செயலியை நீங்கள் எழுதிய பக்கத்தில் இயல்பாக இல்லாத வாக்கியங்களைச் சுட்டிக்காட்டச் சொல்லிப் பயன்படுத்தினால் பிரயோஜனம் உண்டு, திருத்தி எழுதுவதை மட்டும் நீங்களே செய்யுங்கள்.

நேரம் இல்லை என்பவர்களுக்கு ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 150 சொல் என்பது நிதானமான வேகம். தினமும் 20 நிமிடம் என்றால் 3,000 சொல், வருடத்துக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். நாவல் ஒன்று 80,000 முதல் 1,00,000 சொல் என்று வைத்தால் வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாவல். எம்.ஏ. முடிவதற்குள் இருபதுக்கு மேல்.

கடைசிக் கட்டத்துக்கு, அதாவது இரண்டாம் வருடத்துக்கு, இரண்டு புத்தகம் சொல்கிறேன். இரண்டும் இலங்கையிலிருந்து. அனுக் அருட்பிரகாசத்தின் ‘எ பாஸேஜ் நார்த்’ 2021-இல் புக்கர் இறுதிப் பட்டியலில் இருந்தது. கொழும்பிலிருந்து வடக்கே ஒரு மரணச் சடங்குக்குப் போகும் தமிழ் இளைஞனின் நினைவோட்டம், நேரடி உரையாடலே கிடையாது, அரைப் பக்கம் நீளும் வாக்கியங்கள். நீண்ட வாக்கியத்தைக் குழப்பமில்லாமல் கட்டுவது எப்படி என்று இதில் வரி வரியாகப் பார்க்கலாம். அடுத்தது ஷெஹான் கருணாதிலகவின் ‘த செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்டா’, 2022 புக்கர் பரிசு பெற்றது. செத்துப்போன ஒரு புகைப்படக்காரரை ‘யூ’ என்று விளித்தே முழுக் கதையும் போகிறது, கொச்சையும் கேலியும் கோபமும் கலந்த தெற்காசிய ஆங்கிலம். அருந்ததி ராயின் ‘த காட் ஆஃப் ஸ்மால் திங்ஸ்’ (1997) இந்தப் பட்டியலில் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். எனக்கு மிகவும் பிடித்த நாவல் அது, ஆனால் சொற்களை உடைத்து, ஒட்டி, பெரிய எழுத்துகளை இஷ்டப்படி போட்டு அவர் செய்யும் வேலையை விதிகள் கைக்குள் வந்த பிறகு படித்தால்தான் முழுச் சுவையும் தெரியும். அதுவரை வைத்திருங்கள்.

புத்தகம் வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். சென்னையில் இருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைப் பக்கம் என்றால் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். உங்கள் கல்லூரி நூலகத்தில் இல்லையென்றால் துறைத்தலைவர் மூலம் எழுதிக் கொடுங்கள், அடுத்த கொள்முதலில் சேர்க்க வாய்ப்பிருக்கிறது. பழைய பிரதி போதும் என்றால் சென்னை சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் கடைகளில் ஒரு நடை தேடிப் பாருங்கள். கீகனோ ஹேடனோ, எது முதலில் கைக்கு வருகிறதோ அதில் தொடங்குங்கள், முதல் முப்பது பக்கத்துக்கு எழுதிய அந்த ஒரு பக்கத்தை மட்டும் தள்ளிப்போடாமல் யாரிடமாவது காட்டிவிடுங்கள்.